ஆள் எடுக்கிறார்கள், ஆறாம் ஆண்டில் ஆள் இல்லை: அமெரிக்கப் பல்கலைகளில் வெள்ளையரல்லாத பேராசிரியர்கள்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பல்கலையில் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். பல்கலையின் பெயர் வேண்டாம். எங்கள் துறை பெருமுயற்சி எடுத்துச் சேர்த்த கறுப்பின உதவிப் பேராசிரியர் ஒருவர், பெரும்பாலும் ஆறாம் ஆண்டில் வரும் டென்யூர் (பணி நிரந்தரம்) பரிசீலனைக்கு முன்பே இந்த ஆண்டு விலகிவிட்டார். அவருக்கு முன் ஒரு லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பேராசிரியரும் அப்படித்தான் போனார். இப்போது டீன் அலுவலகம் ஒரு குழு போட்டு, தக்கவைக்க என்ன வழி என்று கேட்கிறது. குழுவில் நானும் இருக்கிறேன். இங்கே அமெரிக்க, கனடியப் பல்கலைகளில் வேலை பார்ப்பவர்கள் பலர் இருப்பதால் உங்கள் அனுபவத்தைக் கேட்கிறேன்.

என் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆள் எடுப்பதற்கு இந்த நாட்டில் பணமும் உண்டு, அறிவிப்பும் உண்டு. ஏல் பல்கலை 2015-இல் 5 கோடி டாலர் அறிவித்தது. பிரவுன் 2016-இல் 16.5 கோடி டாலர் திட்டம் போட்டது. கொலம்பியா 2005 முதல் தவணை தவணையாக ஒதுக்கிவந்தது. ஆனால் வந்தவர் ஆறு ஆண்டுகள் எப்படி வாழ்கிறார், யார் அவருக்குத் துணை, எந்த வேலை அவர் தலையில் விழுகிறது என்பதற்கெல்லாம் பொறுப்பாளர் யாருமில்லை.

2022 இலையுதிர் பருவக் கணக்கின்படி அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களின் முழுநேர ஆசிரியர்களில் சுமார் 72% வெள்ளையர், 13% ஆசியர், 7% கறுப்பினத்தவர், 6% லத்தீனோ. பூர்வகுடியினர் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. முழுப் பேராசிரியர் நிலைக்கு ஏறினால் கறுப்பினத்தவர் பங்கு 4% அளவுக்குச் சுருங்குகிறது. மாணவர்களிலோ ஐந்தில் ஒருவர் லத்தீனோ.

எது பலன் தந்தது, எது வெறும் பேச்சாகப் போனது? உங்கள் துறையில் கண்டதை எழுதுங்கள்.

---

நேர்கோடு

நண்பரே, மாற்றுக் கருத்து சொல்பவனாக வருகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பொறியியல் துறை. எங்கள் தளத்தில் நடந்து போனால் பாதிக் கதவுகளில் சீன, இந்தியப் பெயர்கள்தான். மக்கள் தொகையில் ஆசியர் பங்கு 7% இருக்கலாம், ஆசிரியர்களில் 13%. இந்தக் கணக்கில் நமக்கு என்ன குறை?

இரண்டாவது, போகிறவர்கள் எல்லோரும் துரத்தப்பட்டவர்கள் அல்லர். நல்ல ஆளுக்கு வேறிடத்தில் நல்ல சம்பளம் கிடைக்கிறது, போகிறார். எல்லா இனத்தவரும் இடம் மாறுகிறார்கள். டென்யூர் அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான்: கட்டுரை, நிதி, பாடம் நடத்தும் தரம். அதை இனத்துக்கு ஏற்ப வளைத்தால் அந்த ஆளின் டென்யூரையே மற்றவர்கள் மதிக்கமாட்டார்கள். அது அவருக்கும் நல்லதில்லை.

---

செம்பருத்தி

நேர்கோடு அவர்களுக்கு: அளவுகோல் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். தாளில் ஒன்றுதான். அதை எட்ட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் ஒன்றா என்று பாருங்கள்.

நான் சமூகவியலில் முழுப் பேராசிரியர். எங்கள் பல்கலையில் வேலைப் பகிர்வு 40-40-20: ஆய்வு 40, கற்பித்தல் 40, பணிக்குழு முதலான சேவை 20. ஒரு துறையில் ஒரே ஒரு கறுப்பினப் பெண் பேராசிரியர் இருந்தால் என்ன நடக்கும்? ஆள்தேர்வுக் குழுவில் பன்முகத்தன்மைக்காக அவர் வேண்டும். மாணவர் சேர்க்கைக் குழுவிலும் வேண்டும். விளம்பரப் படத்தில் வேண்டும். கேம்பஸில் இனவெறிச் சம்பவம் நடந்தால் அன்றைக்கு அவர்தான் கூட்டத்தில் பேச வேண்டும். வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள், தங்கள் துறை சாராதவர்கள்கூட, அவர் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். அழுதுகொண்டு வரும் மாணவியிடம் "உன் ஆலோசகரைப் போய்ப் பார்" என்று சொல்ல மனம் வருமா?

ஸ்டான்ஃபோர்டின் அமாடோ பாடியா 1994-லேயே இதைப் பண்பாட்டு வரி என்று பெயரிட்டு எழுதினார். அந்தக் கட்டுரைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. இன்றும் ஆண்டறிக்கைப் படிவத்தில் "அழுத மாணவியோடு பேசிய மணிநேரம்" என்று ஒரு கட்டம் கிடையாது. டென்யூர் நேரத்தில் குழு கேட்பது ஒன்றே ஒன்று: "ஏன் கட்டுரை குறைவு?"

வைகைக்கரை, உங்கள் குழு ஒரே ஒரு காரியம் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். துறையில் யார் எத்தனை குழுவில் இருக்கிறார், எத்தனை ஆய்வு மாணவர்களை வழிநடத்துகிறார், எத்தனை பேருக்கு ஆலோசகர், எத்தனை புதிய பாடங்களைத் தயாரித்தார் என்று ஒரு பொது அட்டவணை போட்டு எல்லோர் பார்வைக்கும் வையுங்கள். மேரிலாந்துப் பல்கலையில் கெரியன் ஓமேராவும் உடன் ஆய்வாளர்களும் பல துறைகளில் இதைச் செய்ய வைத்து ஆராய்ந்தார்கள். யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. அட்டவணையைப் பார்த்தவுடன் அடுத்த குழுவுக்கு யாரைப் போடக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதிகம் சுமந்தவருக்கு ஒரு பாடம் குறைப்பு கொடுங்கள். "நன்றி, உங்கள் சேவை மகத்தானது" என்று மின்னஞ்சல் அனுப்பினால் கட்டுரை எழுத நேரம் வந்துவிடாது.

---

வைகைக்கரை

அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது. விலகிய நண்பர் புத்தகத்தின் கடைசி இரண்டு அத்தியாயங்களை எழுத முடியாமல் தவித்துக்கொண்டிருந்த அதே பருவத்தில்தான் அவரைப் புதிதாக ஒரு பணிக்குழுவுக்குத் தலைவராக்கினார்கள். அது கௌரவம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

---

நுண்ணோக்கி

உயிரிமருத்துவத் துறையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குப் புத்தகம் கிடையாது, என்ஐஎச் (அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள்) தரும் நிதிதான் உயிர். ஆர்01 என்ற அதன் முதன்மை ஆய்வு நிதி கிடைக்காவிட்டால் ஆய்வகம் மூடும், டென்யூர் போகும்.

நேர்கோடு சார் அளவுகோல் ஒன்று என்றதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கான்சஸ் பல்கலைப் பொருளியலாளர் டோனா கின்தர் குழு 2011-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டது. படிப்பு, பயிற்சி, முந்தைய நிதி, வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சமன் செய்த பிறகும், வெள்ளை விண்ணப்பதாரரைவிடக் கறுப்பின விண்ணப்பதாரருக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு. என்ஐஎச் தானே கேட்டு வாங்கிய ஆய்வு அது.

பிறகு 2019-இல் இன்னோர் ஆய்வு, என்ஐஎச்சுக்கு உள்ளிருந்தே. அந்த இடைவெளியில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஆய்வுத் தலைப்பால் வருகிறது என்று கண்டார்கள். கறுப்பின ஆய்வாளர்கள் சமூக அளவிலான நோய், உடல்நல ஏற்றத்தாழ்வு போன்ற தலைப்புகளை அதிகம் எடுக்கிறார்கள். அந்தத் தலைப்புகளுக்கு நிதி கிடைக்கும் விகிதமே குறைவு. மூலக்கூறு, செல் சார்ந்த தலைப்புக்கு அதிகம். தன் ஊரில் ஏன் இத்தனை பேர் சிறுநீரகம் பழுதாகிச் சாகிறார்கள் என்று கேட்பவருக்குத் தண்டனை, எலியின் புரதத்தைப் பார்ப்பவருக்குப் பரிசு என்று யாரும் திட்டமிட்டு எழுதி வைக்கவில்லை. ஆனால் அப்படித்தான் முடிகிறது.

இதற்குத் துறை அளவில் செய்யக்கூடியது உண்டு. தொடக்க நிதியைப் பேரம் பேசத் தெரிந்தவருக்கு அதிகம், தெரியாதவருக்குக் குறைவு என்று விடக்கூடாது. ஆய்வக இடம், கருவி, முதல் இரண்டு ஆய்வு மாணவர்களின் சம்பளம் எல்லாம் எழுத்தில் வேண்டும். நிதி விண்ணப்பத்தை அனுப்புமுன் துறைக்குள்ளேயே போலி மதிப்பாய்வு நடத்த வேண்டும். என் முதல் விண்ணப்பத்தை இரண்டு மூத்தவர்கள் வரிக்கு வரி வெட்டினார்கள். அந்த வெட்டுதான் என்னைக் காப்பாற்றியது. பக்கத்து ஆய்வகத்துக்காரருக்கு அது கிடைக்கவில்லை. அவர் கேட்கவில்லை என்று சொன்னார்கள். புதிதாக வந்தவர் எதைக் கேட்கலாம் என்றே தெரியாமல் இருப்பார். கேட்காமலே கொடுப்பதுதான் வழிகாட்டல்.

இன்னொன்று, ஒற்றை ஆளாக எடுக்காதீர்கள். விஸ்கான்சின்-மேடிசன் 1998-இல் பல துறைகளுக்குப் பொதுவான ஒரு தலைப்பில் பலரைச் சேர்ந்தாற்போல் எடுக்கும் முறையைத் தொடங்கியது. என்ஐஎச் 2020-இல் கொண்டுவந்த ஃபர்ஸ்ட் திட்டமும் அதே வழியில்தான் வந்தது. மூன்று நான்கு பேர் ஒன்றாக வந்தால் மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவாவது ஆள் இருக்கும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

---

பனங்காடு

வணக்கம். நான் ஒன்ராறியோவிலை படிப்பிக்கிறன். கனடாக் கதையையும் கேளுங்கோ, உங்களுக்கு உதவும்.

மாணவர் மதிப்பீடு எண்டு ஒண்டு இருக்கெல்லோ, பருவம் முடிய மாணவர் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போடுறது. வெள்ளை ஆண் பேராசிரியரின்ரை உச்சரிப்பை ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம். என்ரை உச்சரிப்பு விளங்கேல்லை எண்டு ஒவ்வொரு முறையும் ரெண்டு மூண்டு பேர் எழுதுவினம். அந்தச் சராசரியைத் தூக்கிக்கொண்டு பதவி உயர்வுக் குழுவுக்குப் போறது எவ்வளவு அநியாயம்.

2018-இல் ரொறொன்ரோ ரயர்சன் பல்கலையிலை (இப்ப பெயர் மாத்தி ரொறொன்ரோ மெட்ரோபொலிட்டன்) ஆசிரியர் சங்கம் இதை நடுவர் தீர்ப்புக்குக் கொண்டுபோனது. நடுவர் வில்லியம் கப்ளான் தெளிவாத் தீர்ப்புச் சொன்னார்: டென்யூருக்கும் பதவி உயர்வுக்கும் கற்பித்தல் திறனை அளக்க இந்தப் புள்ளிச் சராசரியைப் பாவிக்கக் கூடாது. இனம், பால், உச்சரிப்பு எல்லாம் அந்தப் புள்ளிக்குள்ளை கலந்து கிடக்கு எண்ட நிபுணர் சாட்சியத்தை அவர் ஏற்றுக்கொண்டவர். வகுப்புக்கு நேரிலை வந்து பார்க்கிற சக ஆசிரியரின்ரை அறிக்கை, பாடத்திட்டக் கோப்பு, இதுகளைப் பாருங்கோ எண்டார்.

அடுத்தது கனடா ஆய்வு இருக்கைகள். மத்திய அரசின்ரை காசிலை வாற சிறப்புப் பேராசிரியர் பதவிகள். சமத்துவம் இல்லை எண்டு பேராசிரியைகள் சிலர் மனித உரிமை ஆணையத்துக்குப் போய், 2006-இலை ஒரு உடன்பாடு வந்தது. பிறகும் பல்கலைகள் இழுத்தடிச்சதாலை 2019-இலை அதை இறுக்கினவை. 2029 முடிவுக்குள்ளை இருக்கைகளில் 22% வெள்ளையரல்லாதோர், 4.9% பூர்வகுடியினர் எண்டு இலக்கு. எட்டாத பல்கலைக்கு இருக்கை பறிபோகும். காசு போகும் எண்டவுடனை எல்லாருக்கும் கண் திறந்தது. நல்ல மனசை நம்பி இருக்கேலாது எண்டதுக்கு இது நல்ல சாட்சி.

---

பாலைவெயில்

பனங்காடு அண்ணா, கேட்க நன்றாக இருக்கிறது. நான் டெக்சஸில் இருக்கிறேன். இங்கே நிலைமை வேறு.

எஸ்பி 17 சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறை. அரசுப் பல்கலைகளில் டிஇஐ (பன்முகத்தன்மை, சமத்துவம், உள்ளடக்கம்) அலுவலகம் கூடாது, வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் பன்முகத்தன்மை அறிக்கை கேட்கக் கூடாது, கட்டாயப் பயிற்சி கூடாது. டெக்சஸ் பல்கலையின் ஆஸ்டின் வளாகத்தில் அந்த ஏப்ரலில் ஒரு முழுப் பிரிவையே மூடி, ஊழியர்கள் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். புளோரிடாவிலும் 2023-இல் இதே திசையில் சட்டம் வந்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசின் ஆணைகள். அதே மார்ச்சில் மிச்சிகன் பல்கலை, எந்த மாநிலச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே, தன் டிஇஐ அலுவலகத்தை மூடியது. பத்தாண்டுகளாக முன்மாதிரி என்று எல்லோரும் காட்டிய பல்கலை அது.

ஆகவே வைகைக்கரை, உங்கள் குழு எழுதும் ஒவ்வொரு வரியையும் இதை மனதில் வைத்து எழுதுங்கள். "வெள்ளையரல்லாத ஆசிரியர்களுக்கு மட்டும்" என்று தொடங்கும் எந்தத் திட்டமும் இன்று வழக்கறிஞர் மேசையிலேயே நின்றுவிடும். ஆனால் செம்பருத்தி அக்கா சொன்ன வேலைச்சுமை அட்டவணைக்கு எந்தச் சட்டமும் தடையில்லை. எழுத்தில் தெளிவான டென்யூர் விதி, எல்லாப் புதியவர்களுக்கும் வழிகாட்டி, எல்லோருக்கும் ஒரே தொடக்க நிதி முறை, இவற்றில் எதற்கும் தடையில்லை. எஸ்பி 17-இலேயே பாடம் நடத்துவதற்கும் ஆய்வுக்கும் தரவு திரட்டுவதற்கும் விலக்கு உண்டு. தரவு திரட்டலாம் என்பதைப் பலர் மறந்துவிட்டுப் பயந்துபோய் அதையும் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பயம்தான் சட்டத்தைவிட அதிகம் கெடுக்கிறது. யார் போகிறார்கள், எந்த ஆண்டில் போகிறார்கள் என்று எண்ணுவதை நிறுத்தாதீர்கள்.

எங்கள் துறையில் அலுவலகம் மூடிய பின் நடந்தது இதுதான். அந்த வேலைகள் மறையவில்லை. மாணவர்கள் வருவது நிற்கவில்லை. முன்பு சம்பளம் வாங்கிய ஒருவர் செய்ததை இப்போது என் பக்கத்து அறை லத்தீனோ பேராசிரியர் சம்பளமில்லாமல் செய்கிறார்.

---

விண்மீன்

இந்த இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) செய்கிறேன், இந்த ஆண்டு வேலைச்சந்தையில் இருக்கிறேன். எச்1பி (வெளிநாட்டவருக்கான வேலை விசா) பற்றி யாராவது எழுத முடியுமா? துறைகள் இதைப் பற்றி நேர்காணலில் பேசுவதே இல்லை.

---

ஆலமரம்

விண்மீன், நான் எழுதுகிறேன் அம்மா. இரண்டு முறை துறைத் தலைவராக இருந்திருக்கிறேன். இப்போது பொறுப்பில் இல்லை என்பதால் வெளிப்படையாகச் சொல்ல முடிகிறது.

எச்1பியின் வழக்கமான எல்லை ஆறு ஆண்டு. டென்யூர் கடிகாரமும் பெரும்பாலும் ஆறு ஆண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் முடிவதை எத்தனை துறைத் தலைவர்கள் யோசித்துப் பார்த்திருப்பார்கள்? கிரீன் கார்டுக்கு முன்படியான பெர்ம் என்ற தொழிலாளர் சான்று நடைமுறையில் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. குறைந்தபட்சத் தகுதி உள்ள அமெரிக்கர் ஒருவர் இருந்தாலே வெளிநாட்டவரை ஒதுக்க வேண்டும் என்ற விதி இங்கே இல்லை, ஆகச் சிறந்தவரைத் தேர்ந்தோம் என்று காட்டினால் போதும். ஆனால் தேர்வு செய்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டுப் பரிசீலனை முடியட்டும், ஆள் தேறுவாரா பார்ப்போம் என்று காத்திருக்கும் பல்கலைகள் உண்டு. அதற்குள் 18 மாதம் ஓடிவிடும். பிறகு அந்த ஆள் மீண்டும் விளம்பரம், மீண்டும் வழக்கறிஞர் என்று அலைய வேண்டும். அப்படி அலைபவர் ஊதிய உயர்வு கேட்பாரா? கூடுதல் பாடத்தை மறுப்பாரா? மாட்டார். விசாவைக் கையில் வைத்துக்கொண்டு துறை அவரை வாய்மூட வைக்கிறது, பல நேரம் தெரியாமலே.

ஆகவே வேலை உறுதிக் கடிதத்திலேயே "கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் பல்கலை இந்த மாதத்துக்குள் தொடங்கும்" என்று எழுதி வாங்குங்கள். நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் ஆணை வந்தபின் இது இன்னும் முக்கியமாகிவிட்டது.

நேர்கோடு, ஆசியருக்கு என்ன குறை என்று கேட்டீர்கள். டென்னசி பல்கலை நாக்ஸ்வில்லில் அன்மிங் ஹு என்ற பேராசிரியர் 2020-இல், சீனாவுக்காக உளவு பார்ப்பவர்களைப் பிடிக்க அமெரிக்க நீதித்துறை நடத்திய சீன முனைப்புத் திட்டத்தின் கீழ் கைதானார். வேலை போனது. 2021 ஜூன் விசாரணையில் ஜூரி முடிவுக்கு வர முடியவில்லை. செப்டம்பரில் நீதிபதியே விடுதலை செய்தார். பிறகுதான் பல்கலை திரும்ப எடுத்தது. எம்ஐடியின் காங் சென் மீதான வழக்கை அரசே கைவிட்டது. எம்ஐடி அவருடைய வழக்குச் செலவை ஏற்று அவர் பக்கம் நின்றது. துணை நிற்பதும் நிற்காததும் பல்கலை எடுக்கும் முடிவு என்று இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் தெரிகிறது.

---

நேர்கோடு

ஆலமரம் ஐயா, விசா விஷயத்தில் உங்களோடு முழு உடன்பாடு. நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். மாணவர் மதிப்பீட்டுப் புள்ளி பற்றியும் மறுக்கமாட்டேன்.

ஆனால் ஒன்றில் மாறவில்லை. ஆசியர் நிலையையும் கறுப்பினத்தவர் நிலையையும் ஒரே சொல்லில் அடக்கி ஒரே தீர்வு எழுதுவது சரியாக வராது. கறுப்பினத்தவர் எண்ணிக்கையிலேயே இல்லை. நமக்கு எண்ணிக்கை உண்டு, டீன், பிரசிடெண்ட் நாற்காலிதான் இல்லை. இரண்டு வேறு நோய்கள். குழு இதைப் பிரித்து எழுத வேண்டும்.

---

நீலவானம்

நேர்கோடு சொன்ன பிரித்துப் பார்க்கும் வேலையை இன்னும் ஒரு படி உள்ளே கொண்டுபோக வேண்டும். நான் தலித். அமெரிக்காவில் உதவிப் பேராசிரியர். எங்கள் பல்கலையின் கணக்கில் நானும், என் துறையில் உள்ள ஆதிக்கச் சாதி மூத்த பேராசிரியரும் ஒரே கட்டத்தில் விழுகிறோம்: ஆசியர். எனக்கு வழிகாட்டியாக அவரைத்தான் போட்டார்கள். ஒரே நாடு, ஒரே மொழி, நன்றாகப் பழகுவீர்கள் என்றார்கள். முதல் விருந்திலேயே அவர் கேட்டது என் ஊர், என் தெரு, என் அப்பாவின் தொழில். பிறகு வழிகாட்டல் எதுவும் நடக்கவில்லை.

பிராண்டைஸ் 2019 டிசம்பரில் சாதியையும் தன் பாகுபாடு தடுப்புக் கொள்கையில் சேர்த்தது. அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிஃபோர்னியா மாநிலப் பல்கலை அமைப்பு 2022 ஜனவரியில் சேர்த்தது. அதை எதிர்த்து அங்கேயே வேலை செய்த இரண்டு இந்தியப் பேராசிரியர்கள் அந்த அக்டோபரில் நீதிமன்றம் போனார்கள். இந்த மன்றத்தில் நிறத்தின் பெயரால் நமக்கு அநீதி என்று எழுதுபவர்கள் அந்த வழக்கு வந்தபோது என்ன எழுதினீர்கள் என்று நான் மனம் திறந்து கேட்கிறேன். சண்டைக்காகக் கேட்கவில்லை. வைகைக்கரையின் குழு வழிகாட்டியை நியமிக்கும்போது அதை அந்தப் புதியவரிடமே கேட்டு, மாற்றிக்கொள்ளும் உரிமையோடு செய்ய வேண்டும். துறைக்கு வெளியே ஒரு வழிகாட்டி கட்டாயம் வேண்டும். டென்யூருக்கு வாக்களிக்கப் போகிறவரிடம் யாரும் தன் கஷ்டத்தைச் சொல்லமாட்டார்கள்.

---

செம்பருத்தி

நீலவானம், நீங்கள் எழுதியதற்கு நன்றி. 2022-இல் அந்த வழக்கு வந்தபோது எங்கள் பேராசிரியர் பேரவையில் சாதியைச் சேர்க்கும் தீர்மானத்துக்கு ஆதரவாகப் பேசினேன். எதிர்த்துப் பேசியவர்களில் தமிழரும் இருந்தார்கள். அதை மறைக்க ஒன்றுமில்லை.

டென்யூர் வாக்கு பற்றிச் சொன்னீர்கள். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரிக்கிறேன், ஏனெனில் ஆள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். துறை வெளிப்பல்கலைப் பேராசிரியர்கள் சிலரிடம் மதிப்பீட்டுக் கடிதம் கேட்கும். துறை வாக்கு, கல்லூரிக் குழு, டீன், புரவோஸ்ட் (பல்கலையின் கல்விப் பிரிவுத் தலைவர்), கடைசியில் அறங்காவலர் குழு. ஒவ்வொரு படியிலும் "இந்த இதழ் முதல்தரமா?" என்ற கேள்வி வரும். கறுப்பின வரலாறு, குடியேறிகள், பூர்வகுடி மொழி என்று ஆய்வு செய்பவரின் இதழ்கள் அந்தப் பட்டியலில் இருக்காது. பட்டியல் போட்டவர்கள் அந்த இதழ்களைப் படித்ததே இல்லை. ஹார்வர்டில் 2019-இல் லத்தீனோ வரலாறு, பண்பாட்டை ஆய்ந்த லோர்கியா கார்சியா பேன்யாவுக்கு டென்யூர் மறுத்தார்கள். மாணவர்கள் போராடினார்கள், பல்கலை அசையவில்லை. அவர் டஃப்ட்ஸ் போய், பிறகு பிரின்ஸ்டன் போனார்.

வட கரோலினா சேப்பல் ஹில் கதை இன்னும் தெளிவு. நிகோல் ஹன்னா-ஜோன்ஸ் புலிட்சர் வாங்கிய பத்திரிகையாளர். நைட் இருக்கை என்ற பேராசிரியர் பதவிக்கு அவரை அழைத்தார்கள். அவருக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவர்கள் டென்யூரோடுதான் வந்தார்கள். ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டும் அறங்காவலர்கள் அவருடைய கோப்பை எடுக்கவேயில்லை, ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றார்கள். நாடு முழுக்கக் கண்டனம் எழுந்தபின் 2021 ஜூன் 30 அன்று 9-4 என்று வாக்களித்து டென்யூர் கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹோவர்ட் பல்கலைக்குப் போனார். அதோடு முடியவில்லை. அதே நேரம் சேப்பல் ஹில் வேதியியல் துறை வெகுநாளாக அழைத்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பினப் பேராசிரியர் இந்த நிகழ்வைச் சொல்லியே வரவில்லை என்று எழுதிவிட்டார். பத்திரிகைத் துறைக் கோப்பில் நடந்ததற்கு வேதியியல் துறை விலை கொடுத்தது.

ஹார்வர்ட் சட்டப்பள்ளியில் டென்யூர் பெற்ற முதல் கறுப்பினப் பேராசிரியர் டெரிக் பெல், 1971. ஒரு கறுப்பினப் பெண்ணுக்கும் டென்யூர் இல்லை என்று 1990-இல் சம்பளமில்லா விடுப்பில் போனார். திரும்ப மறுத்ததால் 1992-இல் இடம் இழந்தார். அங்கே டென்யூர் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணான லானி கினியர் வந்தது 1998-இல். கேட்டவர் வேலையை இழந்து ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் அவர் கேட்டது நடந்தது.

---

ஆலமரம்

பணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதிவிடுகிறேன். இங்கே ஊதியம் உயர ஒரே வழி வேறு பல்கலையின் வேலைக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டுவது என்று ஆகிவிட்டது. அந்தக் கடிதம் வாங்க ஒருவர் நேர்காணலுக்குப் போகும்போது பாதி மனம் போய்விடுகிறது. அதன்பின் டீன் பதறிக்கொண்டு எவ்வளவு கொடுத்தாலும் பயன் குறைவு. கடிதம் வருமுன்பே மூன்றாம் ஆண்டில் ஊதியத்தைச் சக ஆசிரியர்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். நான் பொறுப்பில் இருந்தபோது இதற்கென்று டீனிடம் சண்டை போட்டு ஒரு சிறு தொகை வாங்கி வைத்திருந்தேன்.

போகிறவரிடம் ஏன் போகிறீர்கள் என்று கேட்கும் நேர்காணல் பல இடத்தில் உண்டு. போகிறவர் பரிந்துரைக் கடிதம் வேண்டுமே என்று உண்மை சொல்லமாட்டார். இருப்பவரிடம் ஆண்டுக்கு ஒருமுறை, "இங்கே இருக்க உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். வாழ்க்கைத் துணைக்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளி, தலைமுடி வெட்ட ஒரு கடை, கும்பிட ஒரு கோயில் அல்லது சர்ச். சின்ன ஊர்ப் பல்கலைகளில் இவைதான் முடிவு செய்கின்றன. ஹார்வர்ட் கல்விப்பள்ளி தொடங்கிய கோச் என்ற ஆசிரியர் பணிநிறைவுக் கணக்கெடுப்பில் சேர்ந்தால் மற்றப் பல்கலைகளோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.

விலைகொடுத்துச் செய்து காட்டியவர்களும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலையின் பிரசிடெண்ட் போஸ்ட்டாக் திட்டம் 1984-இல் தொடங்கியது. அந்த ஃபெல்லோக்களைத் தன் வளாகமே பேராசிரியராக எடுத்தால், முதல் சில ஆண்டுச் சம்பளத்தில் தலைமையகம் பங்கு கொடுத்துவந்தது. வருபவர் ஏற்கெனவே ஒரு வலைக்குள் இருக்கிறார், சக ஃபெல்லோக்கள் பத்து வளாகங்களிலும் இருக்கிறார்கள்.

---

விண்மீன்

ஐயா, மிக்க நன்றி. அடுத்த வாரம் வளாக நேர்காணல். என்ன கேட்கலாம்?

---

ஆலமரம்

டென்யூர் விதியை எழுத்தில் கேளுங்கள், வாய்மொழி வேண்டாம். கடந்த பத்தாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் டென்யூர் பெற்றார்கள் என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். அவர் தடுமாறினால் அதுவே பதில். அங்கிருந்து போனவர் ஒருவரைத் தேடி அரைமணி நேரம் பேசுங்கள். முதல் இரண்டு ஆண்டு எந்தக் குழுவிலும் போடமாட்டோம் என்று கடிதத்தில் கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படாதீர்கள். வேலைக் கடிதம் கையில் வந்தபிறகு கேளுங்கள், அதுவரை வேண்டாம்.

---

பாலைவெயில்

துறையின் ஆய்வு மாணவர்களோடு தனியாகச் சாப்பிடும் நேரம் ஒன்று நேர்காணல் அட்டவணையில் இருக்கும். உண்மை அங்கேதான் வரும்.

---

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. வரும் கூட்டத்தில் வேலைச்சுமை அட்டவணையையும் மூன்றாம் ஆண்டு ஊதியச் சரிசெய்தலையும் முதலில் வைக்கப்போகிறேன். நீலவானம் சொன்னபடி வழிகாட்டியை மாற்றிக்கொள்ளும் உரிமையும் சேர்கிறது. நேர்கோடு கேட்டபடி குழுவாரியாகப் பிரித்த எண்ணிக்கையைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். பனங்காடு அண்ணா, அந்த ரயர்சன் தீர்ப்பின் முழு வடிவம் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். எங்கள் டீன் பார்க்க வேண்டும்.

---

பனங்காடு

இருக்கு தம்பி. தனிமடலிலை அனுப்பிட்டன், பாருங்கோ. நிபுணர் சாட்சியம் வாற பகுதியை மஞ்சள் அடிச்சு விட்டிருக்கிறன், அதை முதல் வாசிக்கச் சொல்லுங்கோ.